இன்ஸ்பெக்டருக்குப் போட்ட தகரம்

செருப்பைக்கூடத் தேடாமல் ஓடுகிறார் லிஃப்ட்காரர். கையில் விளக்குமாறு. கொல்லைப்புறத்தில் நட்ட இரும்புக் கம்பத்தின் உச்சியில் பறவைகளுக்கான தானியப் பெட்டி. அதில் தலைகீழாகத் தொங்கியபடி ஓர் அணில் சாவகாசமாகச் சூரியகாந்தி விதை உரித்துக்கொண்டிருக்கிறது. "எறங்குடா, உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று அவர் கத்துவதை முழுதாகக் கேட்டுவிட்டு, இன்னொரு விதையையும் எடுத்துக்கொண்டுதான் அது இறங்கும்.

அணிலுக்கு அவர் வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்த்தே தலை நரைத்தவர் அவர். எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தாலும் குறை கண்டுபிடிக்க ஓர் இன்ஸ்பெக்டர் வருவாராம். "அதே மூஞ்சிங்க. மீசையைப் பாருங்க," என்பார் பக்கத்து வீட்டுக்காரரிடம்.

கம்பத்தில் கிரீஸ் தடவினார். இன்ஸ்பெக்டர் வேலியிலிருந்து தாவினார். இவர் கம்பத்தைத் தள்ளி நட்டார்; இன்ஸ்பெக்டர் துணிக்கொடி வழியாக நடந்து வந்தார். இவர் தானியத்தில் மிளகாய்த்தூள் கலந்தார். தும்மித் தீர்த்தது லிஃப்ட்காரர்தான்.

இத்தனை பாடும் மனைவிக்காக. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவள் பின்னறை ஜன்னலோரக் கட்டிலோடு கிடக்கிறாள். பேச்சு குறைந்தது, போகட்டும். சிரிப்பு அடியோடு நின்றுபோனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பறவைகளைப் பார்த்தாவது சிரிக்க மாட்டாளா என்று வைத்த பெட்டி அது.

அந்தச் சிரிப்பில் மயங்கித்தானே கல்யாணமே செய்துகொண்டார். இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்ட லிஃப்டின் கதவை அவர் நெம்பித் திறந்தபோது, உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் திட்டினார்கள். ஒரு டைப்பிஸ்ட் பெண் மட்டும் அவர் மூக்கில் அப்பியிருந்த கிரீஸைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அதன்பின் அந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு மட்டும் அடிக்கடி என்னவோ வந்துவிடும்; வேறு ஆளை அனுப்ப விடமாட்டார். எவ்வளவு இனிமையான காலம் அது. நினைத்தால் இப்போதும் அவர் காது சிவக்கிறது.

கடைசியில் துணிக்கொடியை அவிழ்த்தார். பழைய தகரத்தைக் குடைபோல வளைத்துக் கம்பத்தின் நடுவில் மாட்டினார். அதற்குமேல் இன்ஸ்பெக்டரின் பருப்பு வேகவில்லை. மைனாக்கள் வந்தன, சிட்டுகள் வந்தன. அவர் தேநீரோடு உள்ளே போய், "பாத்தியா? இனிமே ஒரு தொல்லை இல்ல," என்றார்.

"அதுங்க பாட்டுக்கு வருது, திங்குது, போகுது," என்றாள் அவள், சுரத்தே இல்லாமல். "நீங்க ஏன் இப்பல்லாம் வெளிய ஓடறதே இல்ல?"

"எதுக்கு ஓடணும்?"

"நீங்க அதுகிட்ட நியாயம் பேசறத பாக்கணுமே. திரும்பிடப் போறீங்கன்னு போர்வைய வாயில அடைச்சுக்குவேன். சிரிச்சு சிரிச்சு இடுப்பு வலிக்கும்."

மறுநாள் காலை அவர் ஸ்பேனரோடு போய்த் தகரத்தைக் கழற்றினார். பிறகு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டு, சட்டைப்பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து, வேலியிலிருந்து கம்பத்தடி வரைக்கும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தார்.