ரோமா அழவில்லை

போன ஜனவரியில் நான் கொல்லிமலைக்குப் போனது அருவி பார்க்க அல்ல. கோவையில் ஒரு கல்லூரியில் ஊடகப் பாடம் நடத்துகிறேன். இருபது ஆண்டுகள் போர்முனைகளில் படமெடுத்த மரகதம் அம்மாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் இப்போது மலைமேல் குண்டனி நாடு என்ற ஊர்ப்பகுதியில் மிளகு பயிரிடுகிறார்.

என் முதல் அத்தியாயம் முழுக்க அவருடைய ஒரே ஒரு படத்தைப் பற்றியது. எல்லையோர அகதி முகாமில் வாய்விட்டு அலறும் ஒரு பெண்ணின் முகம். கீழே, ‘பிள்ளையைப் பறிகொடுத்துக் கதறும் தாய்’ என்ற வரி. ஒரு வாரப் பத்திரிகையின் அட்டையில் வந்து, விருதும் வாங்கிய படம். ஒன்பது வருடங்களாக அதை வகுப்பில் திரையிட்டுத் தாய்மையின் துயரம் பற்றிப் பேசியிருக்கிறேன்.

நாமக்கல்லில் காலை 6.40க்குப் பேருந்து. மலைமேல் உள்ள செம்மேட்டுக்கு ஏறக்குறைய 55 கி.மீ., இரண்டரை மணி நேரம், டிக்கெட் 52 ரூபாய். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் முன் பூரி சாப்பிடாதீர்கள். நான் சாப்பிட்டேன், முப்பதாவது வளைவிலிருந்து கண்ணைத் திறக்கவே இல்லை.

செம்மேட்டில் ஆட்டோ பிடித்தேன், 400 ரூபாய்.

“ஏனுங்க, அருவிக்குங்களா?” என்றார் ஓட்டுநர்.

“இல்லைங்க, மரகதம் அம்மா வீட்டுக்கு.”

“போட்டோக்காரம்மா ஊடுங்களா! அவங்க இப்பல்லாம் போட்டோவே புடிக்கறதில்லீங்களே. எம் பொண்ணு சீருக்குக் கூப்பிட்டேன். வந்து சாப்பிட்டாங்க, கேமராவ மட்டும் தொடவே மாட்டேன்னுட்டாங்க.”

பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். மரகதம் அம்மாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஒரு தகரப் பெட்டியை என் முன்னால் வைத்தார். “எல்லாம் இதுல இருக்குது கண்ணு. பாத்துட்டுப் பேசலாம்.”

உள்ளே காண்டாக்ட் ஷீட்டுகள். ஒரு ஃபிலிம் சுருளில் உள்ள எல்லாப் படங்களையும் சின்னச் சின்னதாக ஒரே தாளில் அச்சிட்டு வைப்பது அது. முகாம் படங்கள் இருந்த தாளைக் கண்டுபிடித்துப் பூதக்கண்ணாடியை வைத்தேன். அதே பெண். ஆனால் முழுப் படத்தில் அவளைச் சுற்றி ஐந்து கேமராக்காரர்கள் நின்றார்கள். அவள் கையில் ஒரு காலிக் குடம். அதை அவர்களை நோக்கி ஓங்கியிருந்தாள். அழவில்லை. திட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் மரகதம் அம்மாவின் குறிப்பேடு. பெயர் ரோமா. பிள்ளைகள் இல்லை. சொன்னது: ‘நேற்றிலிருந்து படம் பிடிக்கிறீர்கள். ஒருத்தராவது ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தீர்களா?’

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. படத்திலிருந்து ஆட்களை வெட்டி, குடத்தை வெட்டி, இல்லாத பிள்ளையைச் சாகடித்து, ஒருத்தியின் கோபத்தை அழுகையாக்கி விற்றிருக்கிறார்கள்.

“நீங்க ஒண்ணும் கேக்கலையாம்மா?” குரல் உயர்ந்தே வந்தது.

“கேட்டனே. பத்திரிகைக்கு மூணு தடவ கடுதாசி போட்டேன். பதிலே இல்லீங்க.”

“அப்புறம்?”

கிழங்கு சீவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார். “அப்புறம் அவார்டு குடுத்தாங்க. மேடை ஏறி வாங்கிக்கிட்டேன். எல்லாரும் கை தட்டுனாங்க. அன்னிக்கே அந்த மேடையில சொல்லியிருக்கோணும். சொல்லல.”

எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. மறைக்க முயலவில்லை, அவரும் சமாதானம் சொல்லவில்லை.

“இதப் புத்தகத்துல போடலாமாம்மா?”

“போடு. நான் கை நீட்டி வாங்குனதையும் சேத்துப் போடு. அத உட்டுட்டு எழுதறதா இருந்தா இந்தத் தாள உனக்குத் தர மாட்டேன் சாமி.”

இருவரும் வெந்த கிழங்கைத் தின்றோம். மாலை 4.30 பேருந்தில் மலையிறங்கினேன்.

மறுநாள் அந்தப் பத்திரிகை அலுவலகத்தைப் போனில் பிடித்து, படத்தின் வரியைத் திருத்தச் சொன்னேன். “மேடம், மக்கள் மனசுல அந்தப் படம் அப்படித்தான் பதிஞ்சிருக்கு. இப்போ மாத்தினா குழப்பம்” என்றது ஒரு குரல். யாருக்குக் குழப்பம் என்று கேட்டேன். ஆசிரியர் கூட்டத்தில் இருக்கிறாராம். இன்றுவரை கூட்டம் முடியவில்லை. முதல் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஸ்வெட்டர் வேண்டும். செம்மேட்டைத் தாண்டினால் என் போனில் சிக்னல் இல்லை. திரும்புவதற்கான ஆட்டோவை முன்பே பேசிவைப்பது நல்லது. மிளகுக் கொடியடியில் வேலை செய்கிறவர்களைப் பார்த்ததும் போனைத் தூக்காதீர்கள். கேளுங்கள், பெயரை எழுதிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்றால் நடையைக் கட்டுங்கள். படத்துக்குக் கீழே நீங்களாகக் கதை எழுதாதீர்கள்.

அடுத்த வாரம் வகுப்பில் முழுப் படத்தையும் திரையிட்டேன். ரோமா சொன்னதையும் வாசித்தேன். முன்வரிசை மாணவி ஒருத்தி கையைத் தூக்கிக் கேட்டாள்:

“அப்போ இவங்க நம்மளைத்தான் திட்டுறாங்களா மேம்?”

“ஆமாம், நம்மைத்தான்” என்றேன்.