பெரிய வெள்ளியில் வந்த தாம்பூலத் தட்டு

எழுபதுகளின் கடைசியில், காரைக்காலில் டைப்ரைட்டிங் வகுப்பில் அவருக்கு என் பக்கத்து மெஷின். நான் படபடவென்று தட்டுவேன். வரிக்கு நாலு தப்பு. அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுவார்; ஒரு தப்பும் இருக்காது. பேச்சிலும் அப்படித்தான். நான் ஓயாமல் பேசுவேன், அவர் தலையாட்டுவார். இரண்டு வருடம் தலையாட்டியே என்னைக் கவிழ்த்துவிட்டார்.

அவருடையது வரிச்சிக்குடியில் நெல் பயிரிடும் குடும்பம். அவர் விவசாய ஆபீசில் கிளார்க். என் அப்பாவோ பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சாப்பாட்டு மேஜையில் முள்கரண்டி, ஞாயிறு பூசைக்குக் கோட்டு. அம்மா போனபின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. அந்தக் காகிதத்துக்காகவே பெண் கேட்டு வருகிறவர்கள் அப்போது ஏராளம்.

விஷயத்தைச் சொன்னதும் அப்பா ஒன்றுதான் கேட்டார்.

"அந்தத் தம்பிக்கு ஒன் மேல ஆசையா, நம்ம காயிதத்து மேல ஆசையா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "வந்தா நீங்களே கேட்டுக்குங்க."

"கேக்கறேன். எனக்குத் திருப்தி இல்லன்னா இந்தப் பேச்ச அதோட விட்டுடணும்."

அவரில்லாமல் என்னால் இருக்க முடியாது என்று தெரிந்தும் வீம்புக்கு ஒப்புக்கொண்டேன்.

வீட்டாரோடு வரச் சொன்னேன். எந்த நாளில் வரக்கூடாது என்று சொல்லவில்லை. ஊர்க்கதையெல்லாம் பேசிய வாய்க்கு அது மட்டும் விட்டுப்போயிற்று. அவருடைய அம்மா பஞ்சாங்கம் பார்த்திருக்கிறார். பங்குனி உத்திரம், வெள்ளிக்கிழமை, சாமிகளுக்கே கல்யாணம் நடக்கிற நாள். மகனுக்கு லீவு வேறு. எங்கள் பண்டிகைக்கு விட்ட லீவுதானே என்று அவரும் தலையாட்டிவிட்டார்.

அது பெரிய வெள்ளி. மாதா கோயிலில் மணி அடிக்காமல் மரக்கட்டையைத் தட்டுகிற நாள். அப்பா பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கறுப்பு உடுப்பில் உட்கார்ந்திருந்தார். பதினோரு மணிக்கு வாசலில் தலை நிறையக் கனகாம்பரத்தோடு ஓர் அம்மாள் வந்து நின்றார். கையில் வெற்றிலை, பழம், பூ, குங்குமம் வைத்த தட்டு. பின்னால் இரண்டு ஊமைகள், அவரும் அவருடைய அப்பாவும்.

அப்பா எழுந்தார். சத்தம் போடவில்லை.

"இன்னக்கி எங்க வீட்ல துக்கங்க. எங்க சாமி செத்த நாளு."

அந்த அம்மாள் மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அந்த அம்மாள் தட்டை வாசலுக்கு வெளியே ஓரமாக வைத்தார். தலைப்பூவை எடுத்து அதன் மேல் போட்டார். உள்ளே வந்து வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"தெரியாம வந்துட்டோங்க. துக்கத்துக்கு உக்காந்துட்டுப் போறோம்."

ஊமைகளும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அப்பா அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். என்னவர் செம்பைத் தொடவில்லை.

"நீங்க குடிக்கலியேங்க."

அன்று அவர் பேசியது அவ்வளவுதான். மூன்று மணி வரை யாரும் அசையவில்லை. நான்கூட வாயைத் திறக்கவில்லை. கோயிலில் கட்டைச் சத்தம் கேட்டதும் மூவரும் எழுந்தார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார்கள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்கப்பா."

"மக்கு. சாவு வீட்ல சொல்லிக்கிட்டா போவாங்க?" அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "காயிதத்துக்கு வர்றவன் பட்டினி கெடப்பானா? ஞாயித்துக்கெழம வரச் சொல்லு. அன்னக்கி நம்ம சாமி எந்திரிச்சிடுவாரு."

சனிக்கிழமை நானே பஸ் ஏறி வரிச்சிக்குடிக்குப் போய்ச் சொன்னேன். வெட்கமாவது ஒன்றாவது.

உயிர்ப்பு ஞாயிறன்று வந்தார்கள். அதே தட்டு, புதுப் பூ. அப்பா எதையும் கேட்கவில்லை. கிளம்பும்போது அந்த அம்மாள் வாசலில் திரும்பி நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"போயிட்டு வர்றோங்க, சம்பந்தி."