பட்டியலில் நான் அடித்த பெயர்

நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் ஊர். இயந்திரவியல் படித்துவிட்டு ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். சென்ற ஆண்டு எம்.பி.ஏ. படிக்க விண்ணப்பித்தபோது, இரண்டு பேரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள்.

எதற்கும் பட்டியல் போடுவது என் பழக்கம். மூன்று பெயர்களை எழுதி, பதவிக்கு மதிப்பெண் போட்டேன். கல்லூரித் தாளாளருக்குப் பத்து, பொது மேலாளருக்கு ஒன்பது. எனக்கு வேலை கற்றுத்தந்து, ‘கண்ணு’ என்றே கூப்பிடும் மேற்பார்வையாளர் மரகதம் அக்காவுக்கு இரண்டு. அவர் டிப்ளமோதானே என்று பெயரை அடித்தேன்.

“பெரிய எடத்துக் கையெழுத்துக்கு மரியாதையே தனிம்மா” என்று அப்பா பழத்தட்டோடு தாளாளர் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார்.

நேர்காணலில், “இரண்டு கடிதங்களிலும் அடக்கமான பெண் என்று மட்டுமே இருக்கிறது. நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?” என்று கேட்டார்கள். இடம் கிடைக்கவில்லை.

அக்காவிடம் சொல்லி அழுதேன். அவர் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். நான் சரிசெய்த ஒவ்வொரு கோளாறும் தேதியோடு அதில் இருந்தது.

“எங்கிட்ட கேப்பீங்கன்னு எழுதி வெச்சேங்க மேடம். அப்பறம் உங்க மேசை மேல அந்தப் பட்டியலப் பாத்தேன். ரெண்டு மார்க்குக்காரி எழுதுனா எடுபடுமா?”

இந்த ஆண்டு மறுபடியும் விண்ணப்பிக்கிறேன். பட்டியலில் பதவி என்ற கட்டமே இல்லை. என் வேலையைக் கண்ணால் பார்த்தவர்களிடம் மட்டுமே கேட்கிறேன். முதலில் அக்காவிடம் கேட்டேன், மன்னிப்பும் கேட்டேன். அன்றே எழுதிக் கொடுத்துவிட்டார்.

இன்னும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்.