கேப்டனின் மூக்கு

ஊரே ராக்கெட் என்று கூப்பிட்ட அந்த ஆளுக்கு ராக்கெட் வரையத் தெரியாது. பதினாலு பாகம் ஓடிய அவனுடைய விண்வெளி மங்காவில், அதாவது ஜப்பான் பாணிப் படக்கதையில், முதல் பாகத்துக் கப்பல் தண்ணீர்த் தொட்டிக்கு றெக்கை முளைத்த மாதிரி இருக்கும். அந்தக் கப்பலின் கேப்டன் மட்டும் அச்சு அசல், ஏனென்றால் அது அவனுடைய அக்கா. அவன் வேலைவெட்டி இல்லாமல் கிறுக்கிக்கொண்டிருந்த காலத்தில், தையல் ஆலையில் ஷிப்ட் முடித்து வந்து, விண்வெளி ஹெல்மெட்டுக்குப் பதில் அலுமினியக் குண்டானைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பாள்.

"சீக்கிரம் போட்டுத் தொலைடா, கழுத்து கழண்டுடும் போலிருக்கு" என்பாள். அவனுக்குச் சோறு போட்டதும் அவள்தான்.

அப்புறம் கை தேறியது. கப்பல் கப்பலாயிற்று. வாராவாரம் இருபது பக்கம் கொடுக்க வேண்டும். மூக்கை ஒரே கோட்டில் இழுத்தால் பக்கத்துக்குப் பத்து நிமிஷம் மிச்சம். கண்ணைப் பெரிதாக்கினால் வாசகர் கடிதம் குவியும். இப்படியே மூக்கு தேய்ந்து, தாடை கூராகி, ஏழாம் பாகத்தில் கேப்டன் வேறு எவளோ ஆகிவிட்டாள். அக்கா ஆலையில் அதைக் காட்டி, "இது நான்தான்" என்றபோது, மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. ராக்கெட்டுக்கு இதெல்லாம் தெரியாது, கேட்டால்தானே தெரியும்!

தொடர் முடிந்ததும், எல்லாப் பாகங்களையும் ஒரே தொகுப்பாகப் போடுவதாகப் பதிப்பாளர் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: முதல் பாகத்துக் கேப்டன் முகம் மற்றதோடு ஒட்டவில்லை, மாற்ற வேண்டும். நூற்றெண்பது பக்கம்தானே என்று தலையாட்டிவிட்டு, தன் பிரதி தொலைந்துபோனதால் அக்காவிடம் கேட்கப் போனான்.

பிளாஸ்டிக் உறையைப் பிரித்துப் புத்தகத்தை நீட்டினாள். "எதுக்குடா?"

"கேப்டன் மூஞ்சியை மாத்தணும்."

"மாத்திக்கோ. அதுல மட்டும்தான் நான் இருந்தேன்." பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மூன்று நாள் மேஜையில் உட்கார்ந்தான். ஒரு கோடு விழவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. நாலாம் நாள் பதிப்பாளருக்குப் போன் போட்டான்.

"முதல் பாகத்துல கை வைக்க மாட்டேன். மத்த பதிமூணையும் மாத்திடறேன்."

"ரெண்டாயிரத்து முந்நூத்தி நாப்பது பக்கம் சார்! புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா?"

"மூஞ்சி மட்டும்தானே" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூட்டிவந்து ஜன்னலோரம் உட்காரவைத்தான்.

"பைத்தியக்காரா, அந்த மூஞ்சி இப்போ எங்கிட்ட ஏது?"

"பாகத்துக்குப் பாகம் கேப்டனுக்கும் வயசாகட்டும்."

 அவள் தலையைச் சரிசெய்துகொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றப் போனாள்.

"இருக்கட்டும்க்கா" என்றான். "பதினாலாம் பாகத்துக்கு வேணும்."