பெட்டிகளின் மேல் எழுதி அடித்த இடம்

பாசிர் ரிஸ் வீட்டுக்கு வந்த புது அலமாரியின் அட்டைப் பெட்டியைப் பிரித்தபோது எழுந்த வாசனை, எழுபதுகளில் சிங்கப்பூர்த் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் நான் படித்த தமிழ்ப் பள்ளியின் கடைசி வருடத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. நிலத்தை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்று தெரிந்ததுமே டீச்சர் எல்லாவற்றையும் பெட்டிகளில் கட்டிவைத்துவிட்டார்; புதுக் கட்டடம் எங்கே என்பதுதான் முடிவாகவில்லை. துறைமுகத்து ஆட்கள் பக்கத்திலேயே வேண்டும் என்றார்கள், அப்பாவும் அவர் கூட்டாளிகளும் தள்ளியிருக்கும் ஃபேரர் பார்க்தான் என்றார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் டீச்சர் பெட்டிகளின் மேல் எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு மற்றதை எழுத, நாங்கள் மழை ஈரத்தில் நமுத்த அந்த அட்டைகள் மேலேயே நோட்டை வைத்துக்கொண்டு, கிரேன் சத்தத்துக்கு மேலாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தோம்.

கடைசிக் கூட்டத்தில் இரண்டு தரப்பும் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கையில் டீச்சர் மெதுவாகக் கேட்டார். "எங்க வேணும்னாலும் கட்டுங்க. அடுத்த வருஷம் யாரெல்லாம் பிள்ளைய அனுப்புவீங்க? கை தூக்குங்க."

மேசையைத் தட்டிய கைகளெல்லாம் மேசைமேலேயே இருந்தன. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் கையைத் தூக்கினேன். அவர் அதைப் பிடித்து இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இவளுக்கு இங்கிலீஷ் ஸ்கூல்ல இடம் கிடைச்சிருச்சு டீச்சர். நாளைக்கு வேலைக்குப் போகணும் லா."

எனக்கே அப்போதுதான் தெரியும். எதிர்த்தரப்பில் ஒருவர்கூட அவரைக் குறை சொல்லவில்லை. கூட்டத் தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, இடத்த பத்திப் பேசுவோம்" என்றார்.