வளைகாப்பில் கேட்ட காலேஜ் சீட்டு

நடந்தது இவ்வளவுதான்:

1. என்னைத் திருநெல்வேலிக்கு அனுப்ப ரயில் டிக்கெட் எடுத்தார்கள்.
2. சித்தியின் வளைகாப்பில் நான் எழுந்து பேசினேன்.
3. டிக்கெட் ரத்தானது.
4. எனக்கு இன்ஜினியரிங் சீட்டும் பாதிக் கட்டணச் சலுகையும் கிடைத்தன.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அது விட்டுப்போனதே எனக்குப் பல வருடங்கள் தெரியாது.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு முடிக்கப் போகிறவள். தாராவியில் எங்கள் வீடு ஓர் அறை. இரும்பு ஏணியில் ஏறினால் மேலே இன்னோர் அறை. கீழே அப்பா, அம்மா, நான், தம்பி. மேலே சித்தப்பாவும், கல்யாணமாகி ஊரிலிருந்து வந்த சித்தியும். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே தோல்பைப் பட்டறையில் வேலை பார்த்தார்கள்.

அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் அறக்கட்டளை நடத்திய வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலேஜைப் பற்றி ஒன்பதாவதிலேயே யோசிக்கத் தொடங்காதவர்கள் பன்னிரண்டாவதில் அழுவார்கள் என்று சொல்லி, ஒரு டீச்சர் நிபந்தனைகளைக் கரும்பலகையில் எழுதினார். பத்தாவதும் பன்னிரண்டாவதும் மகாராஷ்டிராவில் தேற வேண்டும். இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இங்கேயே பல வருடங்கள் தொடர்ந்து வசித்ததற்கு டொமிசைல் சான்றிதழ் வேண்டும். அப்படியென்றால் மாநில ஒதுக்கீட்டில் சீட்டு. வருமானச் சான்றிதழும் இருந்தால் கட்டணத்தில் பாதியை அரசாங்கம் ஏற்கும். மற்றவர்கள் முழுதாகக் கட்டிக்கொள்ளலாம் என்றார். எங்கள் வீட்டில் அந்தக் கடைசி வாக்கியத்துக்கு அர்த்தமே கிடையாது.

நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அம்மா நிறைமாதத்துக்கு முன்பே ரயிலேறி, என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு திரும்பியிருக்கிறாள். தம்பி இரண்டாவது என்பதால் மும்பை ஆஸ்பத்திரியிலேயே பிறந்தான். எந்த முயற்சியும் செய்யாமல் அவன் ஒரு நிபந்தனையில் தேறியிருந்தான்.

“ஏம்மா அங்க போய்ப் பெத்த?” என்று கேட்டேன்.

“தப்புதான். ஒன்னயக் கேட்டுட்டுல்லா போயிருக்கணும்” என்றாள் அம்மா.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை செய்ய வேண்டியவற்றைச் சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு எழுதி பீரோ கதவில் ஒட்டினேன். அப்பா அதன்மேல் சட்டையை மாட்டுவார். முழுதாக வாசித்தது சித்தி மட்டும்தான். ஊரில் பன்னிரண்டாவது முடித்தவள். பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு நின்று ஒவ்வொரு கட்டமாகக் கேட்பாள்: “டொமிசைல்னா என்னட்டி? அது கெடைக்க நீ இங்கயே இருந்தாப் போதுமா?” போதும் என்றேன். நான் ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கேதான் படிக்கிறேன். இடையில் வேறெங்கும் போகாமலிருந்தால் பள்ளிச் சான்றிதழே சாட்சி.

இந்த நேரத்தில்தான் எனக்கு மராத்தியில் சிவப்புக் கோடு விழுந்தது. சித்திக்கும் ஏழாம் மாதம் வந்தது. அப்பாவின் மனத்தில் இரண்டும் ஒன்றுசேர்ந்து ஒரு திட்டமாகிவிட்டன. சித்தி தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறாள். நான் துணைக்குப் போய், அங்கேயே பத்தாவது எழுதலாம். அங்கே மராத்தி கிடையாது. எங்கள் சந்தில் எத்தனையோ பிள்ளைகள் அப்படி ஊருக்குப் போய் நல்ல மார்க்கோடு திரும்பியிருக்கிறார்கள். திரும்பியபின் காலேஜ் வாசலில் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் விசாரிக்கவில்லை. நான் சார்ட்டைக் காட்டினேன். அப்பா, “மார்க் இருந்தா எவன் சீட்டு தர மாட்டான்?” என்று சட்டையை மாட்டினார்.

வளைகாப்புக்கு ஊரிலிருந்து சித்தியின் அண்ணனும் அவர் மனைவியும் வந்தார்கள். நான் அவரை மாமா என்பேன். சந்தில் துணிப்பந்தல் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, பெண்கள் சித்திக்கு வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாமா புளிச்சோற்றுத் தட்டோடு நின்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

“பாப்பாவுக்கு நம்ம ஊர் பள்ளிக்கூடத்துல எடம் பேசியாச்சி அத்தான். இனி கவலைய விடுங்க.”

நான் எழுந்துவிட்டேன்.

“நான் வரமாட்டேன் மாமா. பத்தாவத அங்க எழுதுனா எனக்கு இங்க சீட்டும் கிடையாது, பாதி பீஸும் கிடையாது. சித்தியையும் கூட்டிட்டுப் போகாதிய. அந்தப் பிள்ளையும் என்னய மாதிரி வெளி ஸ்டேட்ல பொறந்ததா ஆயிரும்.”

“வயித்துல இருக்க பிள்ளைக்கு இப்பமே காலேஜ் சீட்டா!” என்றார் மாமா. பந்தலே சிரித்தது. “ஏட்டி, மொதல்ல அது பொறக்கட்டும். அப்புறம் அது டாக்டரா இன்ஜினியரானு அதுட்டயே கேப்போம்.”

அப்பா என்னை முறைத்த முறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. ஒவ்வொரு நிபந்தனையாக விரல் விட்டுச் சொன்னேன். நாங்கள் மாவ்ஷி என்று கூப்பிடும் எதிர்வீட்டு மராத்திக்காரச் சித்தி முறைக்காரி மட்டும், “லட்கி பராபர் போல்தி ஹை” என்றாள், பிள்ளை சரியாகத்தான் பேசுகிறது என்று. தன் மகனுக்காக இதே சான்றிதழ்களுக்கு அலைந்தவள் அவள்.

அப்போது சித்தி நாற்காலியிலிருந்து எழுந்தாள். இரண்டு கையும் நிறைய வளையல். அதுவரை அப்பாவிடம் எதையும் அம்மா வழியாகத்தான் சொல்வாள். அன்று நேராகச் சொன்னாள்.

“அத்தான், நான் ஊருக்குப் போகல. பிள்ளை இங்கயே பொறக்கட்டும்.”

“என்னட்டி பேசுத?” மாமாவின் தட்டு சாய்ந்தது. “தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரலன்னா ஊரு என்ன சொல்லும்?”

“ஊரா அண்ணே வந்து பீஸ் கட்டப் போவுது?”

சந்தில் இருந்த எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். மாவ்ஷி கைதட்டினாள். அப்பா கொஞ்ச நேரம் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா பந்தலின் கம்பைப் பார்த்தார். கடைசியில் அப்பா, “ரெண்டு டிக்கெட்ட கேன்சல் பண்ணிரு” என்றார்.

ஒரு கூட்டத்தை வாதாடி ஜெயித்துவிட்டேன் என்று நான் நம்பினேன். சார்ட்டில் அன்றைக்கே ஒரு டிக் போட்டேன்.

அதற்குப் பிறகு கட்டங்கள் வரிசையாக நிரம்பின. மாவ்ஷி எனக்கு மராத்தி சொல்லிக்கொடுத்தாள். சம்பளமாக அம்மாவின் மீன்குழம்பு. பத்தாவதில் மராத்தியையும் தாண்டினேன். டொமிசைல் வந்தது, வருமானச் சான்றிதழ் வந்தது. நுழைவுத் தேர்வு முடிந்து சீட்டுப் பட்டியலில் என் பெயருக்கு நேரே மாநில ஒதுக்கீடு என்று வந்த அன்று, பட்டறையில் அப்பா எல்லோருக்கும் வடாபாவ் வாங்கிக்கொடுத்தார். பாதிக் கட்டணம் அரசாங்கம் தந்தது; மீதிக்கு அந்த அறக்கட்டளை.

சித்தியின் பெண் மழைக்காலத்தில் மும்பையில் பிறந்தாள். அம்மா காலையிலேயே மாட்டுங்காவுக்கு வீட்டுவேலைக்குப் போய்விடுவாள். சித்தி பச்சைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த இரும்பு ஏணியில் ஏறி இறங்கினாள், குழாயில் தண்ணீர் பிடித்தாள், சோறு வடித்தாள். நான் புத்தகத்தோடு எழுந்தால், “நீ ஒக்காரு” என்பாள். நான் உட்கார்ந்துவிடுவேன்.

போன தீபாவளிக்கு முறுக்குப் பிழியும்போது இந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒன் பேச்சக் கேட்டா ஒங்கப்பா நிறுத்துனாரு? ஒன் சித்தி போனாத்தான நீ போவணும்? பொம்பளப்பிள்ளைய அவ இல்லாம அவ அண்ணன் வீட்டுல தனியா விடுவாரா? அதான் அவ நின்னுக்கிட்டா. ஒன்னயப் பெத்துட்டு ஊர்ல கெடந்தேன் பாரு, அந்த மாசங்கதான் நான் தண்ணி பிடிக்காம, சட்டி கழுவாம படுத்துக் கெடந்தது. அவளுக்கு அதுவும் இல்ல.”

சித்தியைப் பார்த்தேன். “ஆமா, பெரிய தியாகம். எனக்கு அந்த ரயில் கக்கூஸ நெனச்சாலே கொமட்டும்” என்று எண்ணெய்ச் சட்டியைத் திருப்பி வைத்தாள்.

தாய்வீட்டுப் பிரசவத்தை என் பிறப்பிடத்தில் நேர்ந்த பிழையாக மட்டுமே அந்த வயதில் பார்க்கத் தெரிந்தது. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஆயுளுக்கும் அது ஒன்றுதான் லீவு என்பதற்கு என் சார்ட்டில் கட்டமே இல்லை.

இப்போதைய நிலவரம்: நான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சித்தியின் மகள் மூன்றாம் வகுப்பு. மராத்தியில் வகுப்பிலேயே முதல். மே மாதம் அவளை நானும் அம்மாவும் பார்த்துக்கொள்கிறோம். சித்தி தனியாக ஊருக்குப் போகிறாள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, கன்ஃபர்ம்.