ஐஸ் பெட்டிக்கு ஒரு வெப்சைட்

பேட்டை தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் முத்துராணி நான்கு ஐஸ் பெட்டிகள் வைத்திருக்கிறாள். இறந்தவர்களைக் கிடத்துகிற கண்ணாடி மூடிப் பெட்டிகள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகள் வந்து முகம் பார்க்கும்வரை உடல் கெடாமலிருக்க வாடகைக்குக் கொடுப்பாள். வயது நாற்பத்தெட்டு. முன்பு ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவள். கம்ப்ரஸர் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவாள். லோடு ஆட்டோவையும் அவளே ஓட்டுவாள்.

விளம்பரம் செய்ய முடியாத தொழில் அது. கல்யாண வீட்டில் கார்டை நீட்ட முடியாது. பழகினவர்களைப் பார்த்து "நம்மள மறந்துராதீங்க" என்று சொல்ல முடியாது. ஒருமுறை பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள். அந்த மனிதர் அன்றிலிருந்து இவளைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறார்.

சுத்தமல்லியில் ஒரு பெரியவர் இறந்தபோது மகன் பெங்களூரிலிருந்து இணையத்தில் தேடி, மதுரையிலிருந்து பெட்டி வரவழைத்தான். வந்து சேர நாலரை மணி நேரமாயிற்று. முத்துராணியின் கொட்டகை அந்த வீட்டிலிருந்து பத்து நிமிஷம். துட்டி கேட்டு ஆறுதல் சொல்லப் போனவளிடம் அவனே சொன்னான்: "நெட்ல உங்க பேரு வரலயேக்கா. ஒரு வெப்சைட் போட்டிருக்கலாம்லா."

வெப்சைட் போட அவளுக்கு யாரையும் தெரியாது. அவள் போனில் அறிந்ததெல்லாம் வாட்ஸாப்பும் டார்ச் லைட்டும்தான். பக்கத்துக் கடையில் துணி தைக்கிற சித்ரலேகாவுக்கு அதுவும் தெரியாது. ஆனால் அவளிடம் மூக்குக் கண்ணாடியும் பொறுமையும் இருந்தன. ஒன்றுமே தெரியாதவர்களும் தாங்களே வெப்சைட் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லும் கருவிகள் நிறைய இருப்பதை இரண்டு பேருமாகக் கண்டுபிடித்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தையல் மேசையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவது வழக்கமாயிற்று.

முதல் கருவியில் எதைத் தொட்டாலும் நகர்ந்தது. தலைப்பைத் தொட்டால் படம் நகர்ந்தது, படத்தைத் தொட்டால் போன் நம்பர் நகர்ந்தது. மூன்றாம் நாள் நம்பர் பக்கத்தின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

இரண்டாவது கருவி தமிழ் பேசியது. பக்கத்தின் மேலே "வீடு" என்று ஒரு பொத்தான், கீழே "புத்தகம் இப்போது" என்று இன்னொன்று.

"இதென்ன யக்கா, புத்தகம் இப்போதுங்கான்? படிக்கச் சொல்லுதானா?" என்றாள் சித்ரலேகா.

"பெட்டிய புக் பண்ணுததச் சொல்லுதான் போல."

"அப்ப வீடு?"

முத்துராணி அதைத் தொட்டுப் பார்த்தாள். புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. அந்தக் கருவியையும் விட்டார்கள்.

மூன்றாவது கருவி எல்லாவற்றையும் தானே செய்வதாகச் சொன்னது. போன் நம்பர் கேட்டது, கொடுத்தாள். தொழிலின் பெயர் கேட்டது. "முத்துராணி ஐஸ் பெட்டி" என்று கொடுத்தாள். ஒரு சக்கரம் சுற்றியது. சுற்றி முடித்தபோது பக்கம் ரோஜா நிறத்தில் வந்து நின்றது. மேலே பலூன்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்று நிறத்தில் ஐஸ்கிரீம். "முத்துராணி ஐஸ்" என்பது பெரிதாகத் தெரிய, "பெட்டி" என்ற சொல்லைக் கிண்ணம் மறைத்திருந்தது. "உங்கள் குடும்பத்தின் ஒவ்வொரு இனிய தருணத்திலும் நாங்கள்" என்று ஒரு வரி. அதன் கீழே முன்பின் தெரியாத ஒரு பெண் சிரித்துக்கொண்டு, "என் பிள்ளைகள் மறுபடியும் மறுபடியும் கேட்கிறார்கள்" என்றாள்.

"இந்தப் பொம்பளைய முதல்ல தூக்கு," என்றாள் முத்துராணி.

தூக்க முடியவில்லை. அழித்தால் இன்னொரு பெண் வந்து சிரித்தாள். சித்ரலேகா நீல நிறப் பொத்தானை அமுக்கிப் பார்க்கச் சொன்னாள். அமுக்கியதும் திரையில் வண்ணக் காகிதங்கள் உதிர்ந்தன. பக்கம் போய்விட்டது என்று நினைத்து இருவரும் நிம்மதியாக டீ குடித்தார்கள். அது உலகத்துக்கு வெளியாகியிருந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் முத்துராணியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. "பெயர்: மாரிராஜ். ஊர்: முக்கூடல். அளவு: பெரியது. நாளை காலை பத்து மணிக்கு. ஆள் நெறைய வருவாங்க. கெட்டுப்போகாம பாத்துக்கிடுங்க."

பக்கம் எப்படியோ வேலை செய்கிறது என்று அவளுக்கு ஆச்சரியம். நாளைக்கென்று இன்றைக்கே சொல்வது புதிதல்ல. உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிற வீடுகளில் அப்படிச் சொல்லி வைப்பதுண்டு. துக்க வீட்டைக் கூப்பிட்டு "உறுதிதானா" என்று கேட்கும் வழக்கமும் அவளிடம் இல்லை. இருப்பதில் பெரிய பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, தார்ப்பாய் போட்டுக் கட்டி, மறுநாள் பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் முக்கூடல் போய்ச் சேர்ந்தாள்.

வாசலில் பந்தல். பெரிய ஸ்பீக்கரில் பாட்டு. நல்ல வயதாகி இறந்தவராக இருக்கும், கொண்டாடி அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். வாழைக்காய் வியாபாரி மாரிராஜ் பட்டு வேட்டியில் வேகமாக வந்தார்.

"வாங்கம்மா, வாங்க. நெட்லயே ஆர்டர் போட்டுட்டேன், வருமா வராதான்னு ஒரே யோசன."

முத்துராணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எப்ப ஆச்சு அண்ணாச்சி?"

"காலைல ஆறரைக்கே முடிஞ்சிட்டும்மா. கொஞ்ச நேரம் அழுதான். பொறவு அடங்கிட்டான்."

"கஷ்டப்படாம போச்சுல்லா, அது போதும். என்ன வயசு?"

"ஒண்ணேகால். பேரன்தான்."

இருபது வருஷத்தில் எத்தனையோ துக்க வீடு பார்த்தவள்தான். ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"அந்தப் பச்சப்புள்ளைக்கா அண்ணாச்சி இவ்வளவு பெரிய பெட்டி கேட்டீய?"

"இருநூறு பேருக்கு வேணும்லாம்மா," என்றார் அவர்.

அந்த நேரத்தில் அந்தப் பேரனைத் தூக்கிக்கொண்டு அவன் அம்மா வெளியே வந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம், காதில் புதுக் கடுக்கன். கையிலிருந்த முறுக்கை முத்துராணி பக்கம் நீட்டினான். முத்துராணி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாரிராஜ் தார்ப்பாயைத் தூக்கி உள்ளே பார்த்தார். பிறகு பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு பைய உட்கார்ந்தார்.

அவர் சத்தம் போட்டிருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லை. போடவில்லை. காதுகுத்து வீட்டில் சவப்பெட்டி வந்து நிற்பது ஊருக்குத் தெரியக்கூடாது என்பது ஒரு பயம். சம்பந்தி வீட்டாரிடம் ஐஸ்கிரீம் உண்டு என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று என்பது அதைவிடப் பெரிய பயம்.

"இவ்வளவு தூரம் வந்திட்டு. ஐஸ்கிரீம் வாங்கி இதுலயே வச்சுக் குடுத்துருவோமா? பளபளன்னுதானே இருக்கு," என்று ரகசியமாகக் கேட்டார்.

"வேண்டாம் அண்ணாச்சி. இதுல எத்தனையோ ஆளு படுத்திருக்கு."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்லா."

ஆட்டோவை வாழைத் தோட்டத்துக்குள் மறைவாக விட்டுவிட்டு, மாரிராஜின் காரில் இருவரும் அம்பாசமுத்திரம் போனார்கள். பட்டறைக் காலத்தில் அவள் ஃப்ரிட்ஜ் சரிசெய்து கொடுத்த மொத்தக்கடை ஒன்று அங்கே இருந்தது. இருநூற்றிருபது கப். தகர டிரம்மில் ஐஸும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, நடுவில் கப்புகளை அடுக்கி, சாக்கால் மூடினாள். பந்தி முடியும் நேரத்துக்கு ஒரு கப்பும் இளகாமல் வந்து சேர்ந்தது. சம்பந்தி இரண்டு கப் சாப்பிட்டார். "அந்தம்மா யாரு வே?" என்று மாரிராஜிடம் கேட்டார்.

"ஐஸ்காரம்மா," என்றார் மாரிராஜ். அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை.

திரும்பி வந்த மத்தியானமே ரோஜா நிறப் பக்கத்தை எடுக்க உட்கார்ந்தாள். போட ஒரு பொத்தானும், எடுக்கப் பதினோரு பொத்தானும் இருந்தன. எடுத்து முடிப்பதற்குள் மாம்பழச் சுவை கிடைக்குமா என்று கேட்டு இரண்டு பேர் கூப்பிட்டார்கள்.

அடுத்த கருவியைத் தேடுவதற்கு முன்னால் தாளும் பேனாவும் எடுத்தாள். அவளைத் தேடுகிறவருக்கு என்னவெல்லாம் தெரிய வேண்டும் என்று எழுதினாள். போன் நம்பர், எந்தெந்த ஊருக்குப் பெட்டி வரும், பெட்டியின் உள்நீளம், கரன்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும். நாலே விஷயம்தான். கருவி தானாக எதையும் எழுதக்கூடாது, படம் தரக்கூடாது, முக்கியமாக வேண்டாமென்றால் ஒரே அமுக்கில் போய்விட வேண்டும். இப்படிப் பார்த்ததில் ஐந்து கருவிகள் கழிந்தன. ஆறாவது ஒரே ஒரு வெள்ளைப் பக்கத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமலிருந்தது. முதலில் பொய்யாக ஒரு பக்கம் போட்டு, எடுத்துப் பார்த்தாள். போய்விட்டது. அதையே எடுத்துக்கொண்டாள்.

பக்கம் தயாரானதும் சித்ரலேகாவிடம் நீட்டினாள்.

"ஒண்ணுந்தெரியாத ஆளு மாதிரி பாருட்டி. என்ன தோணுது?"

சித்ரலேகா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "யாரோ செத்துப் போயிட்டாங்கன்னு தோணுதுக்கா."

"அப்பச் சரி," என்று முத்துராணி அதை வெளியிட்டாள்.

இரண்டு வாரம் யாரும் கூப்பிடவில்லை. மூன்றாம் வாரம் ஒரு காலையில் தோஹாவிலிருந்து சாலமோன் என்பவர் கூப்பிட்டார். பாளையங்கோட்டையில் அவர் அப்பா ஒரு மணி நேரத்துக்கு முன்பு இறந்திருந்தார். அப்பா ஆறடி இரண்டு அங்குலம், பெட்டி நீளம் காணுமா என்று கேட்டார். காணும் என்றாள். லீவு கிடைத்து டிக்கெட் போட்டு வர மூன்று நாளாகும், அதுவரை தாங்குமா என்று கேட்டார்.

"தாங்கும் தம்பி. அப்பாவ நான் பாத்துக்கிடுதேன். நீங்க பதறாம வாங்க."

மூன்று நாளும் காலையும் மாலையும் அந்த வீட்டுக்குப் போய், பெட்டிக்கடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, கம்ப்ரஸரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்தாள். நாலாம் நாள் விடிந்ததும் சாலமோன் சூட்கேஸோடும் பையோடும் நேரே விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கினார். அவள் மூடியைத் திறந்துவிட்டு, வெளியே போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டாள்.